ஸ்க்ரூவைத் திருப்பும் முன்: கார்புரேட்டர் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பராமரிப்புப் பகுதியில், பழைய மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கோளாறுகள் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். இத்தகைய வண்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களை நினைவில் வைத்து இடம் ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி. ஆனால் அக்கட்டுரையில் ஒரு வரி பிழையானது. அதை நம்பிச் செயல்படும் வாசகரின் எஞ்சினுக்குக் கேடு நேரக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். கரும்புகை வந்தால் கார்புரேட்டரின் பக்கவாட்டிலுள்ள ஸ்க்ரூவை வெளிப்பக்கமாக அரைச் சுற்றுத் திருப்பினால் பெட்ரோல் குறையும் என்று கட்டுரையாளர் பொது விதியாகவே கூறிவிட்டார். பல கார்புரேட்டர்களில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும்.

கார்புரேட்டரில் வெளியிலிருந்து திருப்பக்கூடியவை பொதுவாக இரண்டு ஸ்க்ரூக்கள். ஒன்று, வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவுவது. கைப்பிடியை முறுக்கினால் திறக்கும் ஆக்சிலரேட்டர் வால்வைச் சற்றே தூக்கிப் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. கலவையை மாற்றுவது மற்றொன்று. அது இரு வகைப்படும் என்பதைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. ஆக்சிலரேட்டர் வால்வுக்கு முன்னால், அதாவது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கத்தில் அது அமைந்திருந்தால், பெரும்பாலும் அது காற்றை அளந்து விடும் ஏர் ஸ்க்ரூ. அதை வெளியே திருப்பினால் காற்று கூடி, பெட்ரோலின் பங்கு குறையும். கட்டுரை கூறியது இந்த வகைக்கு மட்டுமே சரி. வால்வுக்குப் பின்னால், எஞ்சினை ஒட்டிய பக்கத்தில் அமைந்திருந்தால், பெரும்பாலும் அது பெட்ரோல் செல்லும் வழியை அளக்கும் ஸ்க்ரூ. அதை வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். கரும்புகையைக் குறைக்க எண்ணி இந்த இரண்டாம் வகையை வெளியே திருப்புபவர் புகையை இன்னும் கூட்டுவார். அதைவிடக் கவலைக்குரியது, பெட்ரோல் போதாமல் தடுமாறும் எஞ்சினுக்கு அதே விதியைத் தலைகீழாக்கி ஸ்க்ரூவை உள்ளே திருப்புபவரின் நிலை. பெட்ரோல் மிகுந்தால் செலவும் கரியும் கூடும். பெட்ரோல் மெலிந்தால் எஞ்சினே சூடேறும். பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கலவை மெலியும்போது எண்ணெயும் சேர்ந்தே குறைவதால், பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு.

சரியான திசையிலேயே திருப்பினாலும், அந்த ஸ்க்ரூவால் தீரக்கூடிய கோளாறு மிகக் குறைவு. ஏன் என்பதற்குக் கார்புரேட்டர் வேலை செய்யும் விதத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். காற்று செல்லும் குழல் நடுவே ஓரிடத்தில் ஒடுங்குகிறது. ஒடுங்கிய இடத்தில் காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சூரியின் (1746–1822) பெயரால் வழங்கும் விளைவு இதுவே. கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தமும் இருப்பதால், பெட்ரோல் ஜெட் எனும் சிறு பித்தளைப் பாகத்தின் நுண்துளை வழியே மேலெழும்பிக் காற்றில் துளிகளாகச் சிதறுகிறது. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுவதாகப் பேச்சில் சொல்கிறோம். உண்மையில் வெளிக்காற்றுதான் அதைத் தள்ளுகிறது. கிண்ணத்துக்குக் காற்று வரும் சிறு குழாய் மடங்கிப்போயிருந்தாலோ, குளவி மண் அடைத்திருந்தாலோ, எல்லா ஜெட்டுகளும் சுத்தமாக இருக்கும்போதே எஞ்சின் பெட்ரோலுக்குத் தவிப்பது இதனால்தான். ஆக்சிலரேட்டர் ஏறக்குறைய மூடியிருக்கும் நிலையில் ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமாகப் பாய வழியில்லை; ஆகவே அந்நிலைக்கென்று பைலட் ஜெட் என்ற தனி ஜெட்டும், வால்வுக்குப் பின்னால் தனித் துளையும் வைத்திருக்கிறார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ இந்தத் தனி வழிக்கு மட்டுமே காவலாள். ஆக்சிலரேட்டரைக் கால் பங்கு திறந்துவிட்டால் அதன் சொல் அநேகமாக எடுபடாது. வேகமாக ஓடும்போது புகையும் வண்டிக்கு அந்த ஸ்க்ரூவை எத்தனை சுற்றுத் திருப்பியும் பயனில்லை.

எனவே கட்டுரை முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஆக்சிலரேட்டர் எந்த அளவு திறந்திருக்கும்போது கோளாறு தெரிகிறது என்பதே. வண்டியின் வேகமோ கியரோ இங்கு முக்கியமன்று. பிடியை எவ்வளவு முறுக்கியிருக்கிறோம் என்பதே முக்கியம். பிடியின் மீது ஒரு சிறு ஒட்டுநாடாவை ஒட்டி, அதனை அடுத்துள்ள அசையாத பாகத்தில் மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று கோடுகள் இட்டுக்கொண்டு, ஒவ்வொரு நிலையிலும் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் போதும். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் கலவை ஸ்க்ரூவும் ஆள்கின்றன. அதிலிருந்து கால் பங்கு வரை, ஏறி இறங்கும் உருளை வால்வுடைய கார்புரேட்டர்களில், அவ்வால்வின் அடியிலுள்ள சரிவான வெட்டு தன் பங்கைச் செலுத்துகிறது. கால் பங்கிலிருந்து முக்கால் வரை வால்வோடு ஏறி இறங்கும் ஊசிக்கும், அது நுழைந்திருக்கும் துளைக்குமே பொறுப்பு. அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும், கத்தியால் வெட்டியதுபோல் பிரியாது என்றாலும், இந்த ஒரு சோதனை எந்தப் பாகத்தைக் கழற்ற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும். நின்ற நிலையில் அமைதியாக ஓடி, அரை ஆக்சிலரேட்டரில் மட்டும் திக்கித் திணறும் வண்டியின் பைலட் ஜெட்டைக் கழற்றுவது, பல்வலிக்குக் காதைக் குடைவதற்கு ஒப்பாகும்.

இடம் தெரிந்தபின், பெட்ரோல் மிகுதியா குறைவா என்பதை அறிய, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக்கே கைகொடுக்கும். சூடான எஞ்சின் தடுமாறும் நிலையில் ஆக்சிலரேட்டரை வைத்துக்கொண்டு சோக்கைச் சிறிது இழுத்தால், ஓட்டம் சீராவது பெட்ரோல் குறைவு என்பதற்கும், மேலும் மூச்சுமுட்டுவது பெட்ரோல் மிகுதி என்பதற்கும் அடையாளம். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடி இறங்கும்போது சைலன்சரில் படபடவென்று வெடிப்பதும், ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் தொங்கி நிற்பதும் பெரும்பாலும் குறைவின் அடையாளங்களே. பொறி உண்டாக்கும் பிளக்கின் நிறத்தைக் கட்டுரை சற்று அதிகமாகவே நம்புகிறது. உலர்ந்த கருங்கரி மிகுதியையும், வெளுத்த முனை குறைவையும், இளம்பழுப்பு சரியான கலவையையும் காட்டும் என்பது பொதுவாக உண்மைதான்; ஆனால் ஈயமற்ற பெட்ரோல் வந்தபின் அந்த நிறங்கள் முன்போல் தெளிவாகப் படிவதில்லை. மேலும், நெடுநேரம் நின்ற நிலையில் ஓடவிட்டுக் கழற்றிய பிளக் நின்ற நிலையின் கலவையைத்தான் சொல்லும், வேகத்தில் ஓடும்போதுள்ள கலவையைச் சொல்லாது.

இத்தனைக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய ஒன்றுண்டு. அதைச் செய்யாமல் நான் பட்ட பாட்டையும் இங்கு ஒப்புக்கொள்கிறேன். என்னிடமுள்ள பழைய ஒற்றைச் சிலிண்டர் வண்டி, நன்றாகப் புறப்பட்டு, இருபது நிமிடம் ஓடியபின் பெட்ரோல் தீர்ந்ததுபோல் இழுத்து இழுத்து நின்றுவிடும். சிறிது நேரம் நிறுத்திவைத்தால் மீண்டும் கிளம்பும். ஒரே மாதத்தில் கார்புரேட்டரை நான்கு முறை கழற்றினேன், மெயின் ஜெட்டை மாற்றினேன், மிதவையின் உயரத்தைத் திருத்தினேன். ஒவ்வொரு முறையும் வண்டி முதல் இருபது நிமிடம் எனக்கு நம்பிக்கையூட்டியது. கடைசியில் குற்றவாளியாக அகப்பட்டது டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளை. அது அடைபட்டிருந்ததால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, இறக்கமே நின்றுபோயிருக்கிறது. நின்ற வண்டியின் மூடியைத் திறந்தபோது உஸ்ஸென்று காற்று உள்ளே போன ஓசையை முதல் நாளே கேட்டேன். கேட்டும் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து உருவி, பாதுகாப்பான கலத்தில் சில நிமிடம் வழியவிட்டுப் பார்ப்பது மிக எளிய சோதனை. தாரை தடைபடாமல் விழுந்தால் டேங்க், பெட்ரோலைத் திறந்து மூடும் டேப், ஃபில்டர் மூன்றும் குற்றமற்றவை. முதலில் நன்றாக விழுந்து, மூடி பூட்டியிருக்கும்போது மெல்ல நூலாகிச் சொட்டினால் மூடியைப் பாருங்கள். தொடக்கத்திலிருந்தே மெலிந்து விழுந்தால் டேப்பின் உள்ளே நிற்கும் வலையில் துரு சேர்ந்திருக்கும். எஞ்சினின் உறிஞ்சலால் திறக்கும் வகை டேப்புகளில் எஞ்சின் ஓடாதபோது பெட்ரோல் விழாது. அவற்றைச் சோதிக்கும் முறை வேறு.

அடுத்து, அளக்கப்படாமல் உள்ளே நுழையும் காற்று. கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழல் ஆண்டுகள் செல்லச் செல்ல வெயிலிலும் சூட்டிலும் வெடித்துவிடுகிறது. வெளியே மயிரிழைபோல் தெரியும் வெடிப்பு, குழலைக் கையால் வளைத்துப் பார்க்கும்போது வாயைத் திறக்கும். அதன் வழியே போகும் காற்றுக்கு எந்த ஜெட்டும் கணக்கு வைப்பதில்லை. எஞ்சின் வேகம் ஏறி இறங்கி அலைபாயும். எளிதில் தீப்பற்றும் திரவத்தை ஓடும் எஞ்சின் மீது தெளித்து இந்த வெடிப்பைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கும்போது அது தற்கொலைக்குச் சமம். நீரை நுண்துளியாகத் தெளித்தாலே, வெடிப்பு உள்ள இடத்தில் படும்போது ஓட்டத்தின் ஓசை மாறக் காணலாம்.

மின்சாரப் பகுதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கண்டென்சர் கெட்டாலோ, பொறிக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்டின் இடைவெளி மாறினாலோ, பிளக்கின் மூடி ஈரம் பிடித்தாலோ எழும் மிஸ்ஸிங், அதாவது பொறி விட்டுவிட்டு விழுவதால் வரும் தடுமாற்றம், பெட்ரோல் கோளாறுபோலவே நடிக்கும். சிலிண்டரின் வால்வுகளுக்குரிய இடைவெளி இறுகிப்போன எஞ்சினும் நின்ற நிலையில் நிற்க மறுக்கும். பழைய பாயிண்ட் வண்டிகளில் இவற்றை முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகுதான் கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும். ஏனெனில் தவறான நேரத்தில் விழும் பொறிக்கு எந்தக் கலவையும் சரியாக இராது.

இவையெல்லாம் சரியாக இருந்து, கார்புரேட்டரைத் திறந்தே ஆக வேண்டும் என்ற நிலையில், நெடுநாள் நின்ற வண்டியில் அடைபட்டிருப்பது பெரும்பாலும் பைலட் ஜெட்டே. பெட்ரோல் சில மாதங்கள் கிண்ணத்தில் தேங்கினால், இலேசான பகுதி ஆவியாகி, எஞ்சியது காற்றோடு வினைபுரிந்து பிசினாகப் படிகிறது. மிக நுண்ணிய துளை முதலில் அடைபடுவது இயல்பு. நின்ற நிலையில் ஓடாமல், சோக்கை இழுத்தால் மட்டும் ஓடும் வண்டியின் நோய் இதுவே. இங்கேதான் கட்டுரையின் இரண்டாவது அறிவுரை என்னை உறுத்தியது: மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாமாம். ஜெட் பித்தளையால் ஆனது. எஃகுக் கம்பிக்கு அது எளிதில் இளகிக்கொடுக்கும். 0.38 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று 0.42 மில்லிமீட்டராகிவிட்டால் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கும். பிறகு எத்தனை ட்யூனிங் செய்தாலும் அந்த வண்டியின் ஸ்லோ ஸ்பீடு நிற்காது. அதற்குரிய திரவத்தில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வட்டமான ஒளிப்புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பதே முறை. முற்றிலும் பிசின் இறுகியிருந்தால் அதே எண்ணுள்ள புது ஜெட் வாங்குவது நல்லது. எண்ணில் இன்னொரு கவனம் வேண்டும்: தயாரிப்பாளர்கள் ஜெட்டுக்கு எண்ணிடும் முறை ஒன்றல்ல, ஆகையால் ஒருவருடைய 100-ஆம் எண்ணும் மற்றவருடைய 100-ஆம் எண்ணும் ஒரே அளவு பெட்ரோலை விடும் என்று நம்பக் கூடாது. ஊறவைக்கும் முன் ரப்பர் வளையங்களையும் சவ்வுகளையும் நீக்கிவிட வேண்டும், இல்லையேல் அவை உப்பிக் கெட்டுவிடும். கண்ணுக்குக் காப்பும் அவசியம். ஜப்பானியக் கார்புரேட்டர்களின் குறுக்குத்தலை ஸ்க்ரூக்கள் சாதாரண நட்சத்திரத் திருப்புளியோடு முழுமையாகப் பொருந்தாதவை. அவற்றின் தலை மொண்ணையாவதற்கு மெக்கானிக்கின் கைவலிமையைப் பலர் குறைசொல்கிறார்கள், குறை பெரும்பாலும் திருப்புளியுடையது.

கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டத்தைக் காப்பது மிதவையும், அது தூக்கும் சிறு ஊசி வால்வும். ஊசியின் முனையில் தேய்ந்த வளையம் பதிந்திருந்தால் அது சரியாக மூடாது, ஓவர்ஃப்ளோ ஆகும். பெட்ரோல் வெளியே சொட்டினால் நல்லகாலம் என்றே சொல்வேன், ஏனெனில் கண்ணுக்குத் தெரிகிறது. சில வண்டிகளில் அது உள்பக்கமாக வழிந்து சிலிண்டரைக் கடந்து எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடும். ஆயிலின் அளவு தானாக ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால், கிக்கரைத் தொடும் முன் ஆயிலை மாற்றுவதே அறிவுடைமை. இரவில் டேப்பை மூடிவைக்கும் பழக்கம் இந்த இழப்பைத் தடுக்கும். மிதவை ஓட்டையாகிப் பெட்ரோல் குடித்திருக்கிறதா என்பதைக் காதருகே குலுக்கியே அறியலாம்.

எல்லாம் சுத்தம், எல்லா எண்களும் சரி, ஆனாலும் கால் முதல் அரை ஆக்சிலரேட்டர் வரை வண்டி பெட்ரோலை விழுங்குகிறது என்றால், ஊசியும் அதன் துளையும் தேய்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம். பல்லாயிரம் கிலோமீட்டர் அதிர்ந்து உரசியதில் வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். எவ்வளவு கழுவினாலும் இது தீராது. கட்டுரை இந்தத் தேய்மானத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பழைய வண்டி என்று வரும்போது தூசியைவிடத் தேய்மானமே பெரிய கோளாறு என்பது என் கருத்து. வால்வைச் சவ்வின் துணையால் உயர்த்தும் கார்புரேட்டர்களில் அந்த ரப்பர்ச் சவ்வு கிழிந்தால், ஆக்சிலரேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போகாது. எத்தனால் கலந்த பெட்ரோலையும் இங்கே குறிப்பிட வேண்டும். பழைய ரப்பர்ப் பாகங்கள் பல அதைத் தாங்குவதில்லை. எத்தனால் நீரையும் ஈர்க்கும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கோ 9 கிலோ போதும். ஆகவே கலவையில் எத்தனால் கூடக் கூட, தூய பெட்ரோலுக்கென அளந்த ஜெட் சற்றே மெலிந்த கலவையைத் தரும். மலையேற்றத்தில் நடப்பது இதற்கு எதிர்த்திசை: ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவதால், சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி மேலே கரி கக்கும். அதைக் கோளாறென்று எண்ணி அங்கேயே ஸ்க்ரூவைத் திருப்பினால், இறங்கி வந்தபின் வேறு கோளாறு தொடங்கும்.

கட்டுரையைப் படித்து ஏற்கெனவே ஸ்க்ரூவைத் திருப்பிவிட்ட வாசகர்களுக்கு இதைச் செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் தங்கள் வண்டியின் ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அதை விரல்களின் மென்மையோடு, சுற்றுகளை எண்ணியபடி உள்ளே திருப்பி, தொட்டவுடன் நிறுத்துங்கள். இறுக்கினால் கூர்முனை உடைந்து, அது அமரும் துளையில் பதிந்துவிடும். எண்ணிய சுற்றுகளைக் குறித்துக்கொண்டு, வண்டியோடு வந்த கையேட்டில் கூறியுள்ள அளவுக்கு வெளியே திருப்புங்கள். கையேடு இல்லையென்றால் ஒன்றரைச் சுற்றிலிருந்து தொடங்கலாம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஓட்டம் மிக வேகமாகவும் சீராகவும் உள்ள இடத்தைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பித் தேடி, பிறகு நின்ற நிலை வேகத்தை மற்ற ஸ்க்ரூவால் இறக்குங்கள். எவ்வளவு திருப்பியும் ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் பைலட் வழி அடைபட்டிருக்கிறது. ஸ்க்ரூவை விட்டுவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றச் சொல்லுங்கள். ஏர் ஸ்க்ரூவை முற்றிலும் உள்ளே வைத்தால்தான் ஓடுகிறது என்றாலும் அதே நிலைதான், அல்லது எங்கோ காற்று நுழைகிறது.

கட்டுரை வெளிவந்த அதே பக்கத்தில் இத்திருத்தத்தை வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தானே பராமரித்துவரும் வாசகர்